மீனம்பாக்கத்தில் தொடங்கும் ஐரோப்பா

2025 மே 9, நள்ளிரவை நெருங்கும் நேரம். மீனம்பாக்கத்தில் செக்-இன் கவுன்ட்டரில் இருந்த பெண், என் அக்காவின் பாஸ்போர்ட்டை வாங்கி விசா ஒட்டிய பக்கத்தைத் திருப்பினாராம். ஸ்டிக்கரைச் சற்றே சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். திரும்பி வரும் டிக்கெட் எப்போது என்று கேட்டார். ஜூன் 3 என்றதும் விரல் கணுக்களைக் கட்டைவிரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். “இருபத்தஞ்சு. சரியா இருக்கும்மா” என்று சொல்லிப் பெட்டியைத் தராசில் ஏற்றச் சொன்னார். நார்த்தங்காய் ஊறுகாயைப் பற்றித்தான் கேட்கப் போகிறார்கள் என்று பயந்திருந்த அக்காவுக்கு ஆச்சரியம். மகளைப் பார்க்க மியூனிக் போகிறோம். எத்தனை நாள் இருப்போம் என்ற கணக்கு இந்தப் பெண்ணுக்கு எதற்கு?

அந்தப் பெண் ஜெர்மன் அரசின் ஊழியர் இல்லை. இந்தியக் குடியேற்றத் துறையையும் சேர்ந்தவர் இல்லை. விமான நிறுவனத்துக்காகக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர். ஆனாலும் அந்த ஒரு நிமிடம் ஐரோப்பாவின் எல்லைக் காவலர் அவர்தான். உரிய ஆவணம் இல்லாத பயணியைக் கொண்டுபோய் இறக்கும் விமான நிறுவனத்துக்கு அபராதம் உண்டு. 2001-இல் ஐரோப்பிய ஒன்றியம் போட்ட ஆணையின்படி உறுப்பு நாடுகள் ஒரு பயணிக்குக் குறைந்தபட்சம் 3,000 யூரோவாவது விதிக்க வேண்டும். அல்லது உச்சவரம்பை 5,000 யூரோவுக்குக் குறையாமல் வைக்க வேண்டும். பயணியைத் திருப்பி அழைத்து வரும் செலவும் நிறுவனத்தின் தலையில்தான். விரல் கணுவில் எண்ணியதற்குப் பின்னால் இருந்தது இந்தத் தொகை.

சுற்றுலா விசாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் என்னென்ன காகிதம் வேண்டும் என்று பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியல் தூதரகத்திலேயே கிடைக்கிறது. எல்லை எங்கே இருக்கிறது என்பதுதான் இதில் புரிந்துகொள்ள வேண்டியது என்று எனக்குப் படுகிறது. ஐரோப்பாவுக்குப் போகிறவர் ஷெங்கன் எல்லையை மியூனிக்கிலோ பாரிஸிலோ கடப்பதாக நினைத்துக்கொள்கிறார். கடப்பதில் முக்கால் பங்கு சென்னையிலேயே முடிந்துவிடுகிறது. விசா விதிகளில் விநோதமாகத் தெரியும் பலவும் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் விளங்கிவிடும்.

ஆற்றில் ஒரு கப்பல்

ஷெங்கன் என்பது லக்சம்பர்க் நாட்டில் மோசல் ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். சுற்றிலும் திராட்சைத் தோட்டம். அங்கே ஜெர்மனி, பிரான்ஸ், லக்சம்பர்க் மூன்றின் எல்லைகளும் சந்திக்கின்றன. 1984-இல் சுங்கச் சாவடிகளில் காத்துக் காத்து அலுத்துப்போன லாரி ஓட்டுநர்கள் சாலைகளை மறித்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் பிரான்ஸும் மேற்கு ஜெர்மனியும் தங்களுக்கிடையே சோதனையைத் தளர்த்த ஒப்புக்கொண்டன. மறு ஆண்டு, 1985 ஜூன் 14 அன்று, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் மூன்றும் சேர்ந்துகொள்ள, ஷெங்கன் அருகே ஆற்றில் நின்ற ‘பிரின்செஸ் மரி-ஆஸ்ட்ரிட்’ என்ற கப்பலில் ஐந்து நாடுகளும் கையெழுத்திட்டன. அப்போதைய ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் பத்து நாடுகள். அவற்றில் பாதிதான் வந்திருந்தது. பெரிய தலைவர்கள் யாரும் வரவில்லை.

சோதனை உண்மையாகவே நீங்கியது 1995 மார்ச் 26 முதல். இன்று 29 நாடுகள். இதை ஐரோப்பிய ஒன்றியம் என்று நினைத்துவிடக் கூடாது. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஐஸ்லாந்தும் லீக்டன்ஸ்டைனும் ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் உண்டு. அயர்லாந்தும் சைப்ரஸும் ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. குரோஷியா 2023-இல் வந்தது. ருமேனியாவும் பல்கேரியாவும் முழுதாக உள்ளே வந்தது 2025 ஜனவரி 1 அன்றுதான். பிரிட்டன் எப்போதுமே வெளியே. அதற்குத் தனி விசா. “லண்டனும் பாரிஸும் ஒரே டூர்” என்று விளம்பரம் செய்கிறவர்கள் இரண்டு விசா, இரண்டு கட்டணம் என்பதைச் சின்ன எழுத்தில் போடுவார்கள்.

உள்ளே இருக்கும் சுவர்களை இடித்தால் வெளிச்சுவரைக் கெட்டிப்படுத்தித்தான் ஆக வேண்டும். ஒரு நாட்டின் வாசலில் நுழைந்தவர் 29 நாடுகளிலும் நடமாடலாம் என்றால், எந்த வாசலும் அலட்சியமாக இருக்க முடியாது. 1990-இல் எழுதிய அமலாக்க உடன்படிக்கையிலேயே விமான நிறுவனங்கள் மீதான அபராதம் இடம்பெற்றது அதனால்தான்.

அந்த அபராதத்துக்கு இன்னும் பழைய வேர் ஒன்று உண்டு. அதில் தமிழர்களுக்கும் பங்கிருக்கிறது. 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தப்பி ஓடியவர்களில் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் போய் இறங்கினார்கள். அங்கிருந்து நகர ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் போய்விடலாம். கிழக்கு ஜெர்மனி தடுக்கவில்லை. அதற்கு விமானக் கட்டணம் வந்தது, மேற்குக்குத் தலைவலியும் கொடுத்தது. மேற்கு ஜெர்மனியோ பெர்லினைப் பிரித்த கோடு ஓர் எல்லை என்று ஒத்துக்கொள்ளவே இல்லை; ஒத்துக்கொள்ளாத எல்லையில் எப்படி விசா பார்ப்பது? கடைசியில் 1985 ஜூலையில், மேற்கு ஜெர்மன் விசா இல்லாத இலங்கைத் தமிழரை ஏற்றுவதில்லை என்று கிழக்கு ஜெர்மனி ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு பிரிட்டன் இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. காமன்வெல்த் நாடு ஒன்றுக்கு அது அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. 1987-இல், ஆவணமில்லாமல் ஏற்றிவரும் பயணி ஒருவருக்கு 1,000 பவுண்ட் என்று விமான, கப்பல் நிறுவனங்களுக்கு அபராதச் சட்டமும் போட்டது. தமிழர் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஈரானியரும் கானா நாட்டவரும் இன்னும் பலரும் அந்த வழிகளில் வந்தார்கள். ஆனால் எல்லையைக் கழற்றி, புறப்படும் ஊரின் டிக்கெட் கவுன்ட்டரில் கொண்டுபோய் மாட்டும் வித்தை பழகியது அந்த ஆண்டுகளில்தான். என் அக்காவின் திரும்பும் தேதியை எண்ணிய பெண்ணுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அந்தக் காலத்தின் தழும்பு இன்னும் சட்டத்தில் கிடக்கிறது. விமானம் மாறுவதற்காக மட்டும் ஷெங்கன் விமான நிலையத்தில் காத்திருப்பவருக்கும் ‘ஏ’ வகை விசா வேண்டும் என்று ஒன்றியம் பொதுவாக வகுத்திருக்கும் பன்னிரண்டு நாடுகளின் பட்டியலில் இலங்கை இருக்கிறது. இந்தியா அந்தப் பொதுப் பட்டியலில் இல்லை. உறுப்பு நாடுகள் தனித்தனியே போட்ட பட்டியல்களில்தான் வந்துபோகும். கொழும்பிலிருந்து ஐரோப்பா வழியாகத் தென் அமெரிக்கா போகிறவர் இதைப் பார்க்காமல் மலிவு டிக்கெட் எடுத்தால், கட்டுநாயக்கவிலேயே நிறுத்திவிடுவார்கள்.

யாருக்கு எந்த வாசல்

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த தமிழர், மலேசியத் தமிழர் இருவரும் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு நேரே விமானம் ஏறலாம். 90 நாள் வரை விசாவே வேண்டாம். இந்தியரும் இலங்கையரும் விசா வாங்க வேண்டும். எந்த நாட்டவருக்கு விசா வேண்டும், எவருக்கு வேண்டாம் என்று ஒன்றியம் இரண்டு பட்டியல் வைத்திருக்கிறது. ஆளைப் பார்த்து அல்ல, அட்டையைப் பார்த்து. புதுச்சேரிக்காரர்களுக்கு இது புதிதில்லை. 1956-இல் கையெழுத்தாகி 1962-இல் நடைமுறைக்கு வந்த ஒப்படைப்பு உடன்படிக்கை, அங்கே பிறந்தவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க ஆறு மாதம் அவகாசம் தந்தது. அந்த ஆறு மாதத்தில் அண்ணன் எடுத்த முடிவும் தம்பி எடுத்த முடிவும் வேறாக இருந்த குடும்பங்களில், பேரப்பிள்ளைகளில் ஒருவர் ஐரோப்பியக் குடிமகனாகப் பாரிஸில் இறங்குகிறார். இன்னொருவர் மூன்று மாத வங்கிக் கணக்கோடு அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்கிறார்.

இந்தியச் சுற்றுலாப் பயணிக்குரியது ‘சி’ வகை, அதாவது குறுகிய கால விசா. ஒருமுறை நுழைவு, இருமுறை நுழைவு, பலமுறை நுழைவு என்று அதிலேயே மூன்று. 90 நாளுக்கு மேல் தங்குகிறவருக்கு ‘டி’ வகை; படிப்பு, வேலை, குடும்பம் என்று அது வேறு உலகம். அவசர காலத்தில் ஒரே நாட்டுக்கு மட்டும் செல்லும்படி தரும் விசாவும் உண்டு. அதைச் சுற்றுலாவுக்குக் கேட்டுப் பயனில்லை.

எந்த நாட்டுத் தூதரகத்தில் கேட்பது? அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அங்கே. எல்லா நாட்டிலும் சம நாள் என்றால் முதலில் எங்கே இறங்குகிறீர்களோ அங்கே. அக்காவுக்கும் அத்தானுக்கும் மியூனிக்கில் பதினேழு நாள், சுவிட்சர்லாந்தில் ஐந்து, பாரிஸில் மூன்று, எனவே ஜெர்மனி. இதைச் சொன்னதும் ஒரு டிராவல் ஏஜென்ட், “சார், வேற ஒரு நாட்டுல ஸ்லாட் சீக்கிரம் கிடைக்குது, ரிஜெக்ஷனும் கம்மி, அங்க போட்டுருவோம்” என்று அத்தானிடம் சொல்லியிருக்கிறார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் அவர், “நாம போகவே போகாத ஊருக்கு எதுக்குத் தம்பி விசா?” என்று கேட்டுவிட்டார். கேள்வி வெகுளித்தனமாகத் தெரியலாம். ஆனால் ஒரு நாட்டின் பெயரில் விசா வாங்கி வேறு நாட்டில் இறங்குகிறவரை எல்லை அதிகாரி நிறுத்தி விசாரிக்கலாம். ஏமாற்றி வாங்கியது என்று தோன்றினால் அங்கேயே விசாவை ரத்து செய்யலாம்.

பலமுறை நுழைவு விசா கிடைத்தால் ஷெங்கனுக்கு வெளியேயும் பயன்படும். சைப்ரஸும் பால்கன் நாடுகள் சிலவும் செல்லுபடியாகும் பலமுறை ஷெங்கன் விசா வைத்திருப்பவரைத் தனி விசா இல்லாமல் ஏற்கின்றன. 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் இந்தியாவில் வசிக்கும் இந்தியருக்கென்று ஒரு படிக்கட்டு முறையையும் அறிவித்தது: மூன்று ஆண்டுக்குள் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு அடுத்தது இரண்டு ஆண்டு பலமுறை விசா, அதற்கடுத்தது, பாஸ்போர்ட்டில் காலம் மிச்சமிருந்தால், ஐந்து ஆண்டு. போய்த் திரும்பியவரை நம்பலாம் என்பதுதான் இதன் தர்க்கம். முதல்முறை போகிறவருக்கு அந்த நம்பிக்கையைக் காகிதத்தால் கட்டியெழுப்ப வேண்டியிருக்கிறது.

ஒரே கேள்வி

விண்ணப்பக் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும். வருமான வரிக் கணக்கு, வங்கி ஸ்டேட்மென்ட், லீவு லெட்டர், ஹோட்டல் புக்கிங், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, திரும்பும் டிக்கெட். உண்மையில் எல்லாம் ஒரே கேள்வியின் வேறு வேறு வடிவங்கள்: திரும்பிப் போவீர்களா? மறுப்புக் கடிதம் எல்லா ஷெங்கன் நாட்டுக்கும் ஒரே படிவம். காரணங்கள் அச்சடித்திருக்கும், பொருந்துவதன் எதிரே குறி போட்டுத் தருவார்கள். விசா முடிவதற்குள் வெளியேறும் எண்ணம் உங்களுக்கு உண்டா என்பதில் நியாயமான ஐயம் இருக்கிறது என்ற வரி நம் ஊர் விண்ணப்பதாரர்களுக்கு நன்கு பழக்கமானது.

இந்த ‘நியாயமான ஐயம்’ எவ்வளவு அகலம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஜெர்மனி விசா மறுத்த ஓர் ஈரானியரின் வழக்கில் 2013 டிசம்பரில் வந்த தீர்ப்பு அது. சட்டத்தில் பட்டியலிட்ட காரணங்களைத் தவிர வேறு காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்றது நீதிமன்றம். விண்ணப்பதாரருக்கு அது வெற்றிதான். ஆனால் அதே தீர்ப்பு, பட்டியலில் உள்ள காரணம் பொருந்துகிறதா என்று எடைபோடுவதில் அதிகாரிக்குப் பரந்த உரிமை உண்டு என்றும், திரும்ப மாட்டார் என்று உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, நியாயமான ஐயம் போதும் என்றும் சொன்னது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பெரும்பாலும் வாங்கிக்கொண்டது என்றே நான் படிக்கிறேன்.

ஐயத்தைத் தீர்க்க வேண்டிய பொறுப்பு விண்ணப்பதாரருடையது. மனசில் இருப்பதை எப்படி நிரூபிப்பது? ஊரில் நம்மைக் கட்டிப்போடுவது எதுவோ அதைக் காட்டித்தான். வேலை, வீடு, ஓய்வூதியம், பள்ளிக்குப் போகும் குழந்தை. அத்தானின் ஓய்வூதியப் புத்தகம் அவருடைய ஊர்ப்பற்றுக்குச் சான்றாகிப்போனது. மாறாக, சொந்தத் தொழில் செய்யும் இருபத்தாறு வயது இளைஞர், கல்யாணம் ஆகாதவர், கையில் ரொக்கமாகவே புழங்குபவர். ஊர்சுற்றிப் பார்க்க மட்டுமே ஆசைப்பட்டாலும் காகிதத்தில் அவர் காற்றில் பறக்கும் பட்டம். இது அநியாயம் என்பது என் கருத்து. ஏழைகளும் இளைஞர்களும் பொய் சொல்வார்கள் என்ற முன்முடிவு அதற்குள் இருக்கிறது. ஆனால் விண்ணப்பிக்கிறவர் அந்த அநியாயத்தைத் தெரிந்துகொண்டு விண்ணப்பிப்பதுதான் நல்லது.

அது தெரியாதவர்கள் செய்யும் காரியங்கள் எதிர்விளைவைத் தந்துவிடுகின்றன. விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் மாமனாரிடம் வாங்கிக் கணக்கில் போட்ட மூன்று லட்சம் அப்படித்தான். மூன்று மாதம் பதினையாயிரத்தைத் தாண்டாத இருப்பு திடீரென்று வீங்கினால், பணம் இருக்கிறது என்று அதிகாரி நினைக்க மாட்டார். யாருடைய பணம் என்றுதான் நினைப்பார். ‘டம்மி டிக்கெட்’ என்று ஏஜென்டுகள் சொல்லும் சங்கதியும் இதே ரகம். பணம் கட்டி வாங்கிய டிக்கெட்டைத் தூதரகங்கள் பொதுவாகக் கேட்பதில்லை, முன்பதிவு போதும். விசா கிடைக்கும் முன் முழுப் பணம் கட்டாதீர்கள் என்றே சொல்வதுண்டு. உண்மையான முன்பதிவு வேறு, கணினியில் வரைந்த பொய்ச் சீட்டு வேறு. இரண்டாவது பிடிபட்டால் குறி விழுவது போலி ஆவணம் என்ற கட்டத்தில். அடுத்தடுத்த விண்ணப்பங்களிலும் அது கூடவே வரும். பார்க்கப் போகும் உறவினர் தரும் உறுதிமொழிக்கும் முறை இருக்கிறது. ஜெர்மனியில் இருப்பவர் அங்குள்ள அலுவலகத்தில் 29 யூரோ கட்டி, தன் சம்பளத்தைக் காட்டி, விருந்தினர் செலவுக்கு நான் பொறுப்பு என்று எழுதித் தர வேண்டும். பிரான்ஸில் நகராட்சி அலுவலகத்தில் வாங்க வேண்டும். வெறும் அழைப்புக் கடிதம் அன்பைக் காட்டும், அவ்வளவுதான்.

2024-இல் இந்தியாவிலிருந்து ஷெங்கன் விசாவுக்குப் போன விண்ணப்பங்கள் ஏறத்தாழ 11 லட்சம். நூற்றுக்குப் பதினைந்து மறுக்கப்பட்டன. கட்டணம் திரும்ப வராது. 2007-இல் 60 யூரோவாக இருந்தது 2020-இல் 80 ஆகி, 2024 ஜூன் 11 முதல் 90 ஆனது. ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல். ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு 45. ஆறு வயதுக்குக் கீழே இலவசம். மறுத்தால் மேல்முறையீடு செய்யும் உரிமை சட்டத்திலேயே உண்டு, ஆனால் வழி நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மன் தூதரகங்கள் கடிதம் எழுதினாலே மறுபரிசீலனை செய்துவந்தன. 2025 ஜூலை 1 முதல் அதை நிறுத்திவிட்டார்கள். இனிப் புதிதாக விண்ணப்பிக்கலாம், இல்லை பெர்லின் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

விண்ணப்பத்தை வாங்கும் மையம் இந்த முடிவு எதையும் எடுப்பதில்லை. தூதரகத்துக்காகக் காகிதம் சேகரித்து அனுப்பும் தனியார் நிறுவனம் அது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் கெஞ்சுவதால் பயனில்லை. குறுஞ்செய்தி, கூரியர், சோபா போட்ட தனி அறை என்று அங்கே விற்கும் எதுவும் விசா கிடைக்கும் வாய்ப்பைக் கூட்டாது. மையத்தில் அக்காவுக்கு இரண்டு சோதனைகள் வந்தன. ஒன்று, பெயர். படிவம் குடும்பப் பெயரைத் தனியாகக் கேட்கிறது. அக்கா பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலி. நம்மில் பாதிப்பேருக்கு இன்ஷியல்தான் உண்டு, குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுவதுதான் பத்திரம். அழகுக்காக அப்பா பெயரையோ கணவர் பெயரையோ சேர்த்தால் விசாவில் ஒரு பெயர், டிக்கெட்டில் ஒரு பெயர் என்று ஆகும். இரண்டாவது, ரேகை. முப்பது வருஷம் தபால் நிலையத்தில் முத்திரை குத்திய கை, அதன் பிறகு பாத்திரம் தேய்த்த கை. கண்ணாடித் தட்டில் பதியவே இல்லை. “அம்மா, நல்லா அழுத்துங்க… கொஞ்சம் விட்டு எடுங்க” என்று அந்தப் பையன் நாலு தடவை சொன்னான். ஈரத் தாளால் துடைத்த பிறகுதான் பச்சை விளக்கு எரிந்தது. இந்தியாவில் 2015 நவம்பர் 2 முதல் இந்த ரேகைப் பதிவு நடக்கிறது. ஒருமுறை கொடுத்தால் 59 மாதத்துக்குள் அடுத்த விண்ணப்பத்துக்கு அதையே எடுத்துக்கொள்வார்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு வேண்டியதில்லை.

நாள் எண்ணுவது

விசா கிடைத்தாலும் நுழைவு உறுதியில்லை. விசாவைக் கையில் வைத்திருப்பதால் மட்டும் உள்ளே போகும் உரிமை தானாக வந்துவிடாது என்று விசாச் சட்டமே எழுதிவைத்திருக்கிறது. இறங்கிய இடத்தில் அதிகாரி அதே கேள்வியை இன்னொரு முறை கேட்கலாம்: எங்கே தங்குவீர்கள், செலவுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? ஹோட்டல் பதிவு இருந்தால் நாளொன்றுக்கு 65 யூரோ, இல்லாவிட்டால் 120 என்று பிரான்ஸ் அளவுகூட வைத்திருக்கிறது. காகிதங்களைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

விதிகளிலேயே அதிகம் பேர் வழுக்கி விழுவது 90/180 கணக்கில். எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். அப்படித் தொடங்குவதே இல்லை. நீங்கள் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும், அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாளைப் பார்க்க வேண்டும். நுழையும் நாள், வெளியேறும் நாள் இரண்டும் கணக்கில் சேரும்.

பலமுறை விசா வைத்திருக்கும் ஒரு பாட்டியை எடுத்துக்கொள்வோம். 2026 ஜனவரி 5 முதல் பிப்ரவரி 3 வரை, 30 நாள், மகள் வீட்டில் இருந்துவிட்டு வந்தார். பிரசவத்துக்காக மறுபடி போகிறார். மே 4 அன்று இறங்கினால் ஜூலை 2 அன்று அவருக்கு 60 நாள் முடிந்து, பழைய 30-உடன் சேர்ந்து 90 ஆகிவிடும். அன்றே கிளம்ப வேண்டும். ஒரு நாள் தள்ளி மே 5 அன்று இறங்கினால்? ஜூலை 3 அன்று 90 ஆகும். ஆனால் மறுநாள் பின்னோக்கிப் பார்த்தால் ஜனவரி 5 சன்னலுக்கு வெளியே போயிருக்கும். புதிதாக ஒரு நாள் கூட, பழைய நாள் ஒன்று கழியும். தினமும் அப்படியே நடந்து ஆகஸ்ட் 2 வரை, முழு 90 நாள் இருக்கலாம். ஒரு நாள் தாமதம், முப்பது நாள் லாபம். இந்தக் கணக்கை முதலில் போட்டபோது என்னாலேயே நம்ப முடியவில்லை. காலண்டரை எடுத்து இரண்டு தடவை எண்ணினேன்.

முன்பு இதையெல்லாம் பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரைகளைப் புரட்டித்தான் அதிகாரிகள் கணக்கிட்டார்கள். மங்கிய முத்திரையில் தப்பித்தவர்கள் உண்டு. 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக முத்திரைக்குப் பதில் மின்னணு நுழைவு-வெளியேற்றப் பதிவு வந்திருக்கிறது. முகப்படம் எடுத்துக்கொள்வார்கள்; விசா வாங்கியவரின் ரேகை ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது. இனி நாளை எண்ணுவது எந்திரம். விசா வேண்டாத சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களும் இதில் பதிவாக வேண்டும். ஸ்டிக்கரை ஒழித்து விசாவையே மின்னணுவாக்கும் சட்டமும் 2023-இல் நிறைவேறிவிட்டது.

உள் எல்லையில் சோதனை இல்லை என்ற பேச்சையும் முழுதாக நம்ப வேண்டாம். 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் தரைவழி எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்தது. சூரிச்சிலிருந்து மியூனிக் திரும்பிய ரயிலில் சீருடைக்காரர்கள் இரண்டு பேர் ஏறி, அக்காவிடமும் அத்தானிடமும் பாஸ்போர்ட் கேட்டார்கள். அத்தான் பாஸ்போர்ட்டை மகள் வீட்டுப் பீரோவில் பத்திரமாகப் பூட்டிவைத்துவிட்டுப் போகலாம் என்றுதான் முதலில் சொல்லியிருந்தார், மகள் கேட்கவில்லை.

கார் நிறுத்துமிடத்தில்

ஏப்ரல் கடைசியில் பாஸ்போர்ட்டை வாங்க நானும் கூடப் போயிருந்தேன். உறையைக் காருக்குள் உட்கார்ந்துதான் பிரித்தார்கள். ஷெங்கன் ஸ்டிக்கர் பச்சையும் நீலமுமாக, உள்ளங்கையை மறைக்கும் அளவு. அத்தான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உரக்கப் படித்தார். இன்ன தேதி முதல் 10-05-25. இன்ன தேதி வரை 18-06-25.

“ஜூன் பதினெட்டு வரைக்கும் குடுத்திருக்கான்! நாமதான் மூணாம் தேதியே டிக்கெட் போட்டுட்டோம். பேரன் பொறந்தநாள் பன்னெண்டாம் தேதி. இருந்து கொண்டாடிட்டு வந்துரலாம். டிக்கெட்டை மாத்தச் சொல்லு” என்றார் என்னிடம்.

நான் போனை எடுத்தேன். அக்கா அவர் கையிலிருந்து பாஸ்போர்ட்டை வாங்கினாள். முப்பது வருஷம் மணியார்டர் படிவம் பார்த்த கண். மேல் வரியை விட்டுவிட்டுக் கீழே போனாள். நுழைவு எண்ணிக்கை, 01. அதற்குப் பக்கத்தில் தங்கும் காலம் என்ற கட்டம். பயணம் தள்ளிப்போனால் சமாளிக்கவென்று தேதியில் பதினைந்து நாள் கூடுதலாகக் கொடுப்பார்கள்; தங்கும் நாள் மட்டும் கூடாது. இதெல்லாம் அன்று எங்கள் மூவருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது அந்தக் கட்டத்தில் இருந்த எண்தான்.

“இங்க இருபத்தஞ்சு நாள்னுதாங்க போட்டிருக்கு” என்றாள்.